‘நம்ம ஆளுங்க கட்டைதான்’ என்பது மெய்தானா?



ஒவ்வொரு பள்ளியாண்டிலும் நாம் தவறாமல் செய்யும் பணி ஒன்று உண்டு. மாணவர்களைக் காலணி கழற்றச் சொல்லி, சுவரோரமாக நிறுத்தி, உயரத்தையும் எடையையும் அளந்து பதிவேட்டில் எழுதுகிறோம். நான்காம் ஆண்டு முதல் ‘செகாக்’ உடல்திறச் சோதனைக்காகவும் இவ்விரு அளவுகள் தேவைப்படுகின்றன. உடல் நிறைக் குறியீட்டைக் கணக்கிட்டு, உரிய கட்டத்தில் நிரப்பி முடித்தவுடன் அந்தப் பதிவேடு அலமாரிக்குள் போய்விடுகிறது. அதன்பின் அதைத் திறந்து படிப்பவர் யார்?

படிக்காமைக்கு ஒரு காரணம் நம் நாவிலேயே இருக்கிறது. வகுப்பில் ஒரு பிள்ளை வயதுக்கேற்ற வளர்ச்சியின்றி இருப்பதைப் பெற்றோரிடம் சொன்னால், “நம்ம ஆளுங்க கட்டைதானே சார், அவங்க தாத்தாவும் இப்படித்தான்” என்ற மறுமொழி வருகிறது. ஆசிரியர் அறையிலும் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன். ‘இனமே அப்படி’ என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை, செய்யவும் ஒன்றுமில்லை. இந்தக் கூற்றில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி தவறு. அந்தத் தவற்றின் விலையைக் கொடுப்பவர்கள் நம் பிள்ளைகள். ஆகவே இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

உண்மையான பாதி

உயரம் மரபுவழி வருவது என்பதில் ஐயமில்லை. 1886-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்ட்டன் 205 பெற்றோர் இணைகளின் உயரத்தையும், வளர்ந்துவிட்ட அவர்களுடைய 928 பிள்ளைகளின் உயரத்தையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். நெட்டையான பெற்றோரின் பிள்ளைகள் நெட்டையாகவே இருந்தனர். ஆயினும் பெற்றோரைக் காட்டிலும் சற்றே பொது நடுவை நோக்கித் திரும்பியிருந்தனர். குட்டையான பெற்றோரின் பிள்ளைகளும் அவ்வாறே சற்று மேல்நோக்கித் திரும்பியிருந்தனர்.

இரட்டையரை வைத்துச் செய்த ஆய்வுகள், நன்கு உண்டு வாழும் ஒரு சமுதாயத்திற்குள் ஆளுக்கு ஆள் காணும் உயர வேறுபாட்டில் ஏறத்தாழ 80 விழுக்காடு மரபால் விளைவது எனக் காட்டியுள்ளன. அதற்குக் காரணமாக ஒற்றை ‘உயர மரபணு’ இல்லை. 2022-இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த பேராய்வு, 54 இலட்சம் பேரின் மரபுத் தரவுகளைச் சலித்து, உயரத்தோடு தொடர்புடைய 12,000-க்கும் மேற்பட்ட சிறு மாறுபாடுகளைக் கண்டறிந்தது. ஒவ்வொன்றும் மில்லிமீட்டர் அளவிலோ அதனினும் குறைவாகவோ கூட்டும் அல்லது குறைக்கும். இவ்வளவும் கலந்து வருவதால்தான் ஒரே வீட்டில் அண்ணன் நெட்டையாகவும் தம்பி குட்டையாகவும் இருக்கிறார்கள்.

குழந்தை மருத்துவர்கள் ஒரு எளிய கணக்கைக் கையாள்கிறார்கள். தந்தையின் உயரத்தையும் தாயின் உயரத்தையும் கூட்டுங்கள். ஆண்பிள்ளை எனில் அதனுடன் 13 செ.மீ. சேர்த்து இரண்டால் வகுங்கள்; பெண்பிள்ளை எனில் 13 செ.மீ. கழித்து இரண்டால் வகுங்கள். தந்தை 168, தாய் 153 என்றால் மகன் 167-ஐ ஒட்டியும், மகள் 154-ஐ ஒட்டியும் வளரக்கூடும். எட்டு செ.மீ. கூடலாம், குறையலாம். இந்தக் கணக்கு பெரும்பாலும் பொருந்தி வருவதால்தான் ‘எல்லாம் பரம்பரை’ என்ற எண்ணம் நமக்குள் ஊறிப்போயிற்று.

ஆனால் இக்கணக்கிற்குள் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. அந்தத் தந்தையும் தாயும் தம் சிறுவயதில் வயிறார உண்டு வளர்ந்தவர்களா என்று அது கேட்பதில்லை. அவர்களுடைய உயரமே பசியால் குறைந்த உயரமாக இருந்தால், அதே குறைவைப் பிள்ளைக்கும் ‘இயல்பு’ என்று எழுதிவிடும்.

தவறான பாதி

ஒரு சமுதாயத்திற்குள் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாடு ஒன்று. சமுதாயத்திற்கும் சமுதாயத்திற்கும் இடையே காணும் வேறுபாடு மற்றொன்று. முன்னதற்குக் காரணமானதே பின்னதற்கும் காரணமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

நமக்குப் பழகிய பால்மரத்தையே எடுத்துக்கொள்வோம். ‘ஆர்.ஆர்.ஐ.எம். 600’ என்பது மலாயா இரப்பர் ஆய்வுக்கழகம் உருவாக்கிய பெயர்பெற்ற ஒட்டுவகை. ஒட்டுக்கன்று என்பதால் அவ்வகை மரங்கள் அனைத்தின் மேற்பகுதியும் மரபில் ஒன்றே. அவற்றுள் பாதியை நல்ல மண்ணில் நட்டு உரமிட்டு வளர்த்து, மீதியை நீர் தேங்கும் நிலத்தில் லாலான் புல்லுக்கிடையே விட்டுவிட்டால் என்ன ஆகும்? ஒரு பக்கத்து மரங்கள் உரிய காலத்தில் வெட்டுக்குரிய பருமனை எட்டும்; மறுபக்கத்து மரங்கள் சூம்பி நிற்கும். அதைக் கண்டு ‘இது வேறு சாதி மரம்’ என்று எந்தத் தோட்டக்காரரும் சொல்லமாட்டார். மண்ணைத்தான் பார்ப்பார்.

மாந்தரிடத்தும் இதுவே நிகழ்ந்திருக்கிறது. இன்று உலகிலேயே நெட்டையான மக்களுள் முன்னிற்பவர்கள் நெதர்லாந்து நாட்டினர். அங்கு இளம் ஆண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 183 செ.மீ. ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்நாட்டுப் படைக்கு ஆள் எடுத்தபோது அளந்த சராசரி ஏறக்குறைய 165 செ.மீ. மட்டுமே. ஒன்றரை நூற்றாண்டில் ஓர் இனத்தின் மரபணுக்கள் அத்தனை மாறிவிடா. மாறியவை உணவு, குடிநீர், கழிவகற்றல், நோய்த்தடுப்பு, குடும்பத்தில் பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகியவையே. அந்த ஏற்றம்கூட முடிவற்றதன்று. 2001-இல் பிறந்த நெதர்லாந்து ஆண்கள் 1980-இல் பிறந்தவர்களைவிட ஒரு செ.மீ. அளவு குட்டை என்று அந்நாட்டுப் புள்ளியியல் துறை 2021-இல் அறிவித்தது.

1896 முதல் 1996 வரை பிறந்தோரின் உயரத்தை நாடுவாரியாக ஆராய்ந்த உலகளாவிய ஆய்வு ஒன்று 2016-இல் வெளிவந்தது. அந்த நூறாண்டில் தென்கொரியப் பெண்கள் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்திருக்கிறார்கள், ஈரானிய ஆண்கள் 16 செ.மீ.க்கும் மேல் உயர்ந்திருக்கிறார்கள். ‘குட்டையான ஆசிய இனம்’ என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்டவர்கள்தாம் இவர்கள். கொரியாவைப் பொறுத்தவரை இன்னொரு சான்றும் உண்டு. வடக்கிலிருந்து வெளியேறி வந்த இளையோர், தெற்கில் பிறந்து வளர்ந்த அதே வயதினரைவிடச் சில செ.மீ. குறைவாகவே இருப்பதாக ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. இருவருக்கும் மொழி ஒன்று, மரபு ஒன்று, வளர்ந்த சூழல் மட்டும் வேறு.

நடு அமெரிக்காவின் குவாத்தமாலா நாட்டு மாயா மக்கள் உலகின் மிகக் குட்டையான மக்களுள் ஒரு பிரிவினர். போரினால் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த மாயா குடும்பங்களின் பிள்ளைகளை மாந்தவியலறிஞர் பேரி போகினும் அவர்தம் குழுவினரும் அளந்தபோது, தாயகத்தில் வாழும் அதே வயதுப் பிள்ளைகளைவிட 10 செ.மீ.க்கும் மேல் உயர்ந்திருந்தனர். ஒரே ஒரு தலைமுறையில் நேர்ந்த மாற்றம் இது.

எல்லாவற்றினும் நமக்கு நெருக்கமான சான்று உலகச் சுகாதார நிறுவனத்தினுடையது. 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் ஏறத்தாழ 8,500 குழந்தைகளை அந்நிறுவனம் அளந்தது. தாய்ப்பால் குடித்தவர்கள், புகைபிடிக்காத தாயருக்குப் பிறந்தவர்கள், வறுமையின் தாக்கமற்ற வீட்டில் வளர்ந்தவர்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். இந்தியக் குழந்தைகள் தென் டில்லியைச் சேர்ந்தவர்கள். ஐந்து வயதுவரை இந்த ஆறு நாட்டுக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே அளவாக வளர்ந்தனர். இதன் அடிப்படையில்தான் 2006-இல் உலகக் குழந்தைகள் அனைவருக்கும் பொதுவான வளர்ச்சி அளவுகோல் வெளியிடப்பட்டது. இந்தியக் குழந்தைக்கென்று தனியாகத் தாழ்ந்த கோடு தேவைப்படவில்லை.

நடுநிலையோடு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மக்களினங்களுக்கிடையே மரபு வேறுபாடே இல்லை என்பது என் வாதமன்று. நடு ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும் குறுவுருவ மக்களின் உயரத்தில் மரபுக்குப் பெரும்பங்குண்டு. பெரு நாட்டினரிடையே காணப்படும் ஒரு மரபணு மாறுபாடு, ஒரு படிக்கு ஏறத்தாழ 2 செ.மீ. உயரத்தைக் குறைப்பதாக 2020-இல் கண்டறிந்தனர். எல்லாரும் நன்றாக உண்டாலும் உலக மக்கள் அனைவரும் ஒரே உயரமாகிவிடப் போவதில்லை. ஆனால் நம் வகுப்பறையில் வயதுக்குரிய கீழ்க்கோட்டுக்கும் கீழே நிற்கும் பிள்ளையைப் பார்த்து இனத்தின் மேல் பழி போட இந்தச் சான்றுகள் எவையும் இடம் தருவதில்லை.

ஒரே வீட்டில் ஒரு சான்று

இந்தியப் பிள்ளைகள் ஏன் குட்டையாக இருக்கிறார்கள் என்ற வினாவை சீமா ஜெயச்சந்திரன், ரோகிணி பாண்டே ஆகிய இரு பொருளியல் அறிஞர்கள் ஆராய்ந்து 2017-இல் முடிவுகளை வெளியிட்டனர். இந்தியப் பிள்ளைகளை ஆப்பிரிக்க நாடுகளின் பிள்ளைகளோடு ஒப்பிட்டனர். இந்தியாவின் மூத்த மகன்கள் ஆப்பிரிக்காவின் மூத்த மகன்களைவிடக் குட்டையாக இல்லை. இரண்டாம் பிள்ளையிலிருந்து இடைவெளி தோன்றுகிறது. மூன்றாம் பிள்ளையில் மேலும் விரிகிறது. பெண்பிள்ளைகளுக்கு இழப்பு மிகுதி.

இதை நாம் நின்று நிதானித்துச் சிந்திக்க வேண்டும். மூத்தவனுக்கும் இளையவளுக்கும் தாய் தந்தையர் அவர்களே. இனத்தின் குறையென்றால் அது மூத்தவனையும் பிடித்திருக்க வேண்டுமே! குறைந்தது மரபு அன்று, பங்கீடு. கருவுற்ற காலத்தில் தாய்க்குக் கிடைத்த உணவும் கவனிப்பும், பிறந்தபின் பிள்ளைக்குக் கிடைத்த உணவும் மருத்துவமும் மூத்த மகனுக்குப் பின் வருவோர்க்குக் குறைந்துகொண்டே போகின்றன.

வேறு காரணங்களும் உண்டு. எடை குறைந்த தாய்க்கு எடை குறைந்த குழந்தை பிறக்கிறது. திறந்தவெளியில் மலங்கழிக்கும் ஊர்களில் குழந்தைகள் அடிக்கடி வயிற்றுப்போக்குக்கு ஆளாகிறார்கள். குடல் புண்பட்டு, உண்ட உணவின் சத்து உடலில் சேராமல் போகிறது. நோயை எதிர்க்கவே சத்து முழுவதும் செலவானால் எலும்பு நீள்வதற்கு எதுவும் மிஞ்சாது. குழந்தை முதலாண்டில் ஏறத்தாழ 25 செ.மீ.யும் இரண்டாம் ஆண்டில் 12 செ.மீ.யும் வளர்கிறது. தொடக்கப்பள்ளி வயதில் ஆண்டுக்கு 5 அல்லது 6 செ.மீ. மட்டுமே. எனவே முதல் ஈராண்டில் இழந்ததை ஏழாம் வயதில் முழுமையாக மீட்பது கடினம்.

நம் தோட்டத்து வரலாறு

இதை நம் சொந்த வரலாற்றோடு வைத்துப் பார்ப்போம். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குத் துறையில் இறங்கிய நம் முன்னோர், அன்று ‘புரோவின்ஸ் வெல்லெஸ்லி’ எனப்பட்ட செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கும், பின்னர் இரப்பர்த் தோட்டங்களுக்கும் போனார்கள். ஒப்பந்தக்கூலி முறை மலாயாவில் 1910-இல் ஒழிந்தது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது.

தோட்டத்தில் பிள்ளை வளர்ந்த விதம் நம்மில் மூத்தோர்க்குத் தெரியும். பிள்ளை பெற்ற தாய் விரைவிலேயே பால்மரம் வெட்டப் போயாக வேண்டும். கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில் கிடக்கும். வெறுங்காலோடு நடந்தோரின் உடலுக்குள் கொக்கிப்புழு புகுந்து குருதியைக் குடித்தது. மலேரியா மீதியைக் குடித்தது. தாய்ப்பாலுக்கு மாற்றாகத் தகரடப்பாவின் இனிப்புப்பால் வந்தது. அதைக் குழந்தைகளுக்குக் கொடுப்பதன் கேட்டை மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1939-இலேயே சிங்கப்பூரில் ஆற்றிய உரையில் கண்டித்தார். அவ்வுரையின் தலைப்பே ‘பாலும் கொலையும்’ என்பதாகும்.

மரத்தின் சுற்றளவைத் தோட்ட நிருவாகம் கவனமாக அளந்தது. அளவு எட்டிய மரத்தில்தான் வெட்டுத் தொடங்கும். ஆளையும் அளந்தார்கள். 1903 முதல் 1916 வரை சென்னையிலிருந்து பிஜித் தீவுக்குச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளர் ஒவ்வொருவரின் அனுமதிச் சீட்டிலும் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர் ஆகியவற்றோடு உயரமும் உடலில் உள்ள அடையாளமும் எழுதப்பட்டன. ஓடிப்போனால் ஆளைப் பிடிக்க அது உதவும். இத்தகைய பதிவுகளைத் திரட்டி, பிரித்தானியர் ஆட்சியில் தென்னிந்தியரின் வாழ்நிலை எப்படியிருந்தது என்று ஆஸ்திரேலிய வரலாற்றாசிரியர்கள் பிற்காலத்தில் ஆராய்ந்தார்கள். அடையாளத்துக்காக எழுதிய உயரம், அந்த ஆள் குழந்தையாக இருந்தபோது என்ன உண்டான், என்ன நோயுற்றான் என்பதற்குச் சான்றாகிவிட்டது.

நம் தாத்தா குட்டையாக இருந்தார் என்பது மெய்தான். ஆனால் அவர் எந்தச் சூழலில் வளர்ந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவருடைய உயரத்தைப் ‘பரம்பரை’ என்று பேரனுக்கு எழுதி வைப்பது, அவர் பட்ட பசியையும் சேர்த்து எழுதி வைப்பதாகும்.

இன்றைய நிலை

தோட்டங்கள் போய்விட்டன. அடுக்குமாடி வீடும் குழாய்நீரும் மருத்துவமனையும் வந்துவிட்டன. இனிக் கவலை எதற்கு என்று கேட்கலாம். தேசியச் சுகாதார ஆய்வு தரும் புள்ளிகளைப் பாருங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட மலேசியக் குழந்தைகளுள் வளர்ச்சி குன்றியோர் 2015-இல் 17.7 விழுக்காடு; 2019-இல் 21.8, 2022-இல் 21.2. ‘வளர்ச்சி குன்றல்’ என்பதன் பொருள் இது: நலமாக வளரும் 100 குழந்தைகளில் இரண்டு, மூன்று பேர் மட்டுமே இருக்கக்கூடிய கீழ்க்கோடு ஒன்று உண்டு. அதற்கும் கீழே நம் நாட்டில் 100-க்கு 21 பேர் நிற்கிறார்கள். இது எல்லா இனத்தையும் சேர்த்த கணக்கு. ஆகவே இது ‘நம்ம ஆளுங்க’ சிக்கல் மட்டுமன்று.

2019-21 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இவ்விகிதம் 35.5 விழுக்காடு, தமிழ்நாட்டில் 25. நம் நாட்டின் தலைவருமானம் தமிழ்நாட்டினும் சில மடங்கு மிகுதி. அப்படியிருந்தும் இரண்டுக்கும் இடையே இவ்வளவு சிறிய இடைவெளி ஏன்? பணம் மட்டுமே உயரத்தைத் தருவதில்லை என்பதே விடை. கோலாலம்பூர் வட்டார மலிவு அடுக்குமாடிகளில் ஐ.நா. சிறுவர் நிதியம் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்டோருள் 22 விழுக்காட்டினர் வளர்ச்சி குன்றியிருந்தனர். அதே வீடுகளில் உடற்பருமன் மிகுந்த பிள்ளைகளும் இருந்தனர். வயிறு நிரம்புகிறது; எலும்புக்கும் தசைக்கும் வேண்டிய புரதமும் துத்தநாகமும் இரும்பும் கிடைப்பதில்லை. காலையில் இனிப்புப்பால் கலந்த தேநீரும் ரொட்டியும், இடைவேளையில் சாயம் கலந்த இனிப்புநீர், மாலையில் உடனடி மீ. இதில் வளர்வதற்கு என்ன இருக்கிறது?

பினாங்கில் வாழும் நமக்கு இதைச் சொல்லும் கடமை கூடுதல். உலகத் தாய்ப்பால் வாரத்தை 1992 முதல் ஆண்டுதோறும் ஆகஸ்டு முதல் வாரத்தில் நடத்திவரும் தாய்ப்பால் இயக்கக் கூட்டமைப்பின் தலைமையகம் நம் பினாங்கில்தான் இருக்கிறது. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் சீனிக்கு எதிராகப் பல்லாண்டுகளாகக் குரல் கொடுத்து வருகிறது. உலகுக்கே பாடம் சொன்ன ஊரில் நம் வீட்டுக் குழந்தையின் கையில் இனிப்புப்பால் புட்டி இருக்கலாமா?

பள்ளி என்ன செய்ய இயலும்?

இங்கே ஆசிரிய நண்பர்கள் ஒரு நல்ல மறுப்பை எழுப்புவார்கள். ‘முதல் ஈராண்டில்தான் எல்லாம் முடிந்துவிடுகிறது என்கிறீர்கள்; பிள்ளை ஏழு வயதில்தானே நம்மிடம் வருகிறது? பின் பள்ளியைக் குறை சொல்லி என்ன பயன்?’ என்பார்கள்.

இதற்கு விடையாக 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வைச் சொல்வேன். இந்தியாவின் பள்ளி மதிய உணவுத் திட்டத்தால் பயன்பெற்ற சிறுமியர் வளர்ந்து தாயான பின், அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளின் உயரத்தை ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். பள்ளியில் உணவு உண்ட தாயரின் குழந்தைகள், அவ்வாய்ப்புப் பெறாத தாயரின் குழந்தைகளைவிட வயதுக்கேற்ற உயரத்தில் மேம்பட்டிருந்தனர். பள்ளித் தட்டில் விழுந்த சோறு அடுத்த தலைமுறையின் எலும்பில் தெரிந்தது! 1956-இல் காமராசர் தொடங்கியதும், 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கியதும், 2022-இல் காலையுணவாகத் தமிழ்நாட்டில் தொடர்ந்ததும் அன்றன்றைய பசியை மட்டும் தீர்த்த திட்டங்கள் அல்ல என்பது இதனால் விளங்கும்.

நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பத்து வயதுச் சிறுமி இன்னும் பதினைந்து, இருபது ஆண்டுகளில் ஒரு தாய். அவள் இன்று உண்பது அவளுக்கு மட்டுமன்று. முதல் ஈராண்டு தவறிவிட்டதென்று கைவிரிக்கும் நாம், அடுத்து வரவிருக்கும் ஒரு குழந்தையின் முதல் ஈராண்டுக்கு முன்னதாகவே நிற்கிறோம்.

ஆகவே, என் பணிவான பரிந்துரைகள் சில:

1. ஓர் எண்ணைப் பார்க்காமல் வளர்ச்சிக் கோட்டைப் பாருங்கள். ஓராண்டு அளவு ஒன்றும் சொல்லாது. முதலாம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டு வரையிலான அளவுகளை ஒரே தாளில் வரிசையாக எழுதினால் பிள்ளை வளர்கிறதா, தேங்குகிறதா என்பது தெரிந்துவிடும். பருவமடைவதற்கு முன் ஆண்டுக்கு 5 செ.மீ.க்கும் குறைவாக வளரும் பிள்ளையை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். தைராய்டுச் சுரப்புக் குறைவு, வளர்ச்சிச் சுரப்புநீர்க் குறைவு போன்றவை உரிய காலத்தில் கண்டால் மருத்துவம் உள்ளவை.

2. ஏழு வயது நிரம்பிய பிள்ளையின் நடு உயரம் உலக அளவுகோலின்படி ஏறத்தாழ 121 செ.மீ. 110-க்கும் கீழே இருந்தால் ‘பரம்பரை’ என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள்.

3. ஒழுங்காக அளப்போம். காலணியும் காலுறையும் இன்றி, உயர்த்திக் கட்டிய கூந்தலைத் தளர்த்தி, குதிகாலும் முதுகும் சுவரில் படிய, பார்வை நேராக இருக்க அளக்க வேண்டும். முதுகெலும்பின் இடைத்தட்டுகள் நாள் முழுவதும் அமுங்குவதால் மாலையில் ஒரு செ.மீ. வரை குறையக்கூடும். எனவே ஒவ்வோர் ஆண்டும் காலையிலேயே அளப்பது நன்று.

4. ஆர்.எம்.டி. எனும் கூடுதல் உணவுத் திட்டத்திற்குத் தகுதியுள்ள பிள்ளைகளை விடுபடாமல் சேர்ப்போம். சில பெற்றோர் கூச்சத்தால் படிவம் நிரப்புவதில்லை. ஆசிரியர் தனியே அழைத்துப் பேசினால் நிரப்புவார்கள். சிற்றுண்டிச்சாலையில் என்ன விற்கலாம் என்று பேசப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்குவோம்.

5. பெற்றோரே, விலையுயர்ந்த ‘உயரமாக வளர’ உதவும் மாவுகளுக்குக் கொடுக்கும் பணத்தில் முட்டையும் நெத்திலியும் பருப்பும் முருங்கைக்கீரையும் தெம்பேயும் வாங்குங்கள். வீட்டில் மகனுக்கு வைக்கும் அதே முட்டையை மகளுக்கும் வையுங்கள். கருவுற்றிருக்கும் மருமகள் கடைசியில் மிச்சத்தை உண்ணும் வழக்கம் எங்கேனும் எஞ்சியிருந்தால் இன்றோடு ஒழியட்டும்.

6. ஐந்தாம், ஆறாம் ஆண்டுகளில் பெண்பிள்ளைகள் ஆண்பிள்ளைகளைவிட உயரமாக நிற்பது இயற்கை. அவர்கள் ஏறக்குறைய இரண்டாண்டு முன்னதாகவே பருவ வளர்ச்சியைத் தொடங்குகிறார்கள். இதை வைத்து இருபாலரையும் கேலி செய்ய இடம் கொடுக்காதீர்கள்.

இறுதியாக ஒன்று. உயரம் பெருமையுமன்று, குட்டை இழிவுமன்று. அகத்தியரையே குறுமுனி என்று போற்றியவர்கள் நாம். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்ற பழமொழியும் நம்முடையதுதான். குட்டையான பிள்ளை படிப்பில் மந்தம் என்று எவரும் முடிவு கட்டிவிடக் கூடாது. நலமாக உண்டு, மரபால் குட்டையாக இருக்கும் பிள்ளைக்கு எந்தக் குறையுமில்லை. நாம் வருந்த வேண்டியது, உயர வேண்டிய அளவு உயர விடப்படாத பிள்ளைக்காக. அந்தக் குறை எலும்போடு நிற்பதில்லை. மூளை வளரும் அதே காலத்தில்தான் அதுவும் நேர்கிறது என்பதே கவலைக்குரியது.

எந்தப் பிள்ளை மரபால் குட்டை, எந்தப் பிள்ளை பசியால் குட்டை என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பல ஆண்டு அளவுகளைப் படித்தால் சொல்ல முடியும். அவ்வளவுகள் நம் பள்ளி அலமாரியில் ஏற்கெனவே இருக்கின்றன. இவ்வாண்டு அளந்து முடித்ததும் அலமாரியை உடனே பூட்டிவிடாமல், சென்ற ஆண்டின் ஏட்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியன்,
பினாங்கு.